சரக்கும் பணமும் செய்தியும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே உள்ள எட்டரை, கோப்பு, போசம்பட்டி முதலிய கிராமங்களில் மல்லிகை பறிப்பவர்கள் பொழுது விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். மலர்ந்த பூவைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குவார் இல்லை. முற்றாத மொக்கோ பறித்த பிறகு மலர்வதில்லை. ஆகையால் அன்று மாலையில் மலரப்போகிற, நன்றாகத் திரண்டு வெளுத்த மொக்கை மட்டும் தேர்ந்து, வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பறித்த பூ மூட்டையாகவும் பையாகவும் ஸ்ரீரங்கத்துச் சாத்தார வீதியில் உள்ள மொத்தப் பூச்சந்தைக்கு வந்து, தராசில் ஏறி, விலை பேசப்பட்டு, சில்லறை வியாபாரியின் கைக்கு மாறி, வாழைநாரில் நெருக்கித் தொடுக்கப்பட்டு, முழக்கணக்கில் விற்பனையாகி, அந்தி மயங்கும் வேளைக்குள் ஒரு பெண்ணின் கூந்தலையோ ஒரு சந்நிதியையோ சென்று அடைகிறது. அன்றைக்குள் அடையாவிட்டால் மறுநாள் காலையில் அந்தப் பூவுக்கு மதிப்பே இல்லை.

தோட்டக்காரர், பறிப்பவர், வண்டி ஓட்டுகிறவர், மொத்த வியாபாரி, நார் கிழித்துக் கொடுப்பவர், தொடுப்பவர், கூடையில் வைத்து விற்பவர் ஆகிய இவர்களுள் எவரும் மற்றவருக்கு எஜமானர் அல்லர். ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் கிடையாது. ஆயினும் இவர்களுள் ஒருவர் தம் காரியத்தைச் சற்றுத் தாமதித்தாலும் எல்லோருடைய உழைப்பும் வீணாகிறது. இவ்வாறு தத்தம் லாபத்தை நாடித் தனித்தனியே தொழில் செய்யும் பலரை, ஒரு பொருள் பிறக்கும் இடத்திலிருந்து அது நுகரப்படும் இடம் வரையில், ஒருவரோடு ஒருவர் இசைந்து நடக்கச் செய்யும் வித்தைக்கு விநியோகச் சங்கிலி நிர்வாகம் என்று பெயர். 1982ஆம் ஆண்டில் கீத் ஆலிவர் என்னும் நிர்வாக ஆலோசகர் இப்பெயரை வழக்கில் கொண்டுவந்தார். இன்று, திருச்சியில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகம் போன்ற ஸ்தாபனங்களில் வர்த்தகக் கல்வி பயிலும் மாணவர்கள் முதல், பன்னாட்டுக் கம்பெனிகளின் தலைவர்கள் வரையில் இவ்வித்தையை அறியாமல் தொழில் நடத்த முடியாது என்ற நிலை ஏற்பட்டிருக்கிறது. பெயர் பிறந்து நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. காரியமோ காவேரிக் கரையில் ஆயிரம் ஆண்டுகளாக நடந்துவருகிறது.

கோயில்களின் ஏற்பாடு

சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று வைக்க விரும்பினால், அது இரவும் பகலும் அணையாமல் எரிவதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டியிருந்தது. நெய்யை மொத்தமாக வாங்கிச் சேமித்து வைத்தால் கெட்டுப்போகும். பணமாகக் கொடுத்தால் செலவழிந்துவிடும். ஆகவே விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளைக் கோயிலுக்கு விட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆட்டுக்குப் பதிலாக 48 பசுக்களையோ 16 எருமைகளையோ விடலாம் என்ற கணக்கும் காணப்படுகிறது. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள் தவறாமல் நெய் அளக்கக் கடமைப்பட்டவர். ஆடுகள் மூத்துப் போனாலும் இறந்து போனாலும் குட்டிகளைக் கொண்டு தொகையை நிரப்பி, சாவா மூவாப் பேராடுகளாக அவற்றைக் காத்துவருவதும் அவர் பொறுப்பே. எவ்வளவு சரக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் பொறுப்பு, மூலதனம் குறையாமல் இருப்பதற்கு வழி என்ன, ஒன்று கிடைக்காவிட்டால் மாற்று எது ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் அக்கல்வெட்டுகள் விடை சொல்கின்றன. இன்று ஒரு தொழிற்சாலை தனக்கு உதிரிப் பாகங்கள் தரும் வியாபாரியோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும் இந்த ஐந்துக்குத்தான் விடை தேடுகிறது.

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் நடைமுறையைப் பார்த்தால் இத்தத்துவம் மேலும் விளங்கும். பெருமாளுக்குத் தளிகை சமைக்கப் புது மண்பாண்டங்கள் வேண்டும். ஆகையால் குயவரின் சூளை கோயில் மடைப்பள்ளியோடு ஓயாமல் தொடர்பு கொண்டிருக்க வேண்டும். திருமஞ்சனத் தீர்த்தம் ஆண்டின் பெரும்பகுதியில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்திலும், ஐப்பசி மாதத்தில் காவேரியிலிருந்து பொற்குடத்திலும் யானையின் மேல் வருகிறது. இவற்றையெல்லாம் குறித்த வேளையில் செய்து முடிக்கக் கைங்கரியபரர்களை இராமானுஜர் பத்துக் கொத்துகளாக வகுத்து, இன்னார்க்கு இன்ன பணி என்று நிர்ணயித்தார் என அக்கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகு என்னும் நூல் சொல்கிறது. கோயிலுக்குள் கொட்டாரம் என்று வழங்கும் பகுதியில் வட்ட வடிவமான பெரிய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. நெல் விளைவது ஆண்டில் ஓரிரு போகம். தளிகையோ அன்றாடம் நடப்பது. விளையும் காலத்துக்கும் செலவாகும் காலத்துக்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்தை ஈடுசெய்யவே களஞ்சியம் எழுந்தது. சரக்கை எதற்காகச் சேமிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை எந்தப் பாடநூலிலும் இல்லை. அண்மைக் காலத்தில் நடந்த திருப்பணியில் இக்களஞ்சியங்களும் செப்பனிடப்பட்டன. அப்பணிக்காக இக்கோயிலுக்கு 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

மூன்று ஓட்டங்கள்

மல்லிகையானாலும் மின்சார மோட்டாரானாலும், ஒரு பொருளின் விநியோகத்தில் மூன்று ஓட்டங்கள் உண்டு. சரக்கு உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோரை நோக்கிச் செல்கிறது. பணம் நுகர்வோரிடமிருந்து உற்பத்தியாளரை நோக்கித் திரும்பி வருகிறது. செய்தி இரு திசையிலும் செல்ல வேண்டும்: என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்பது கீழிருந்து மேலே போகவேண்டும், என்ன விளைந்திருக்கிறது, எங்கே இருக்கிறது, எப்போது வந்து சேரும் என்பது மேலிருந்து கீழே வரவேண்டும். திட்டமிடுதல், கொள்முதல் செய்தல், ஆக்குதல், கொண்டுபோய்ச் சேர்த்தல், பழுதானதைத் திரும்பப் பெறுதல் என்று இந்நிர்வாகத்தை ஐந்து காரியங்களாக நிபுணர்கள் பகுத்திருக்கிறார்கள். இந்த ஐந்திலும் மேற்சொன்ன மூன்று ஓட்டங்களும் கலந்தே இருக்கின்றன.

இம்மூன்றுள் சரக்கின் ஓட்டம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிவது. ஆகவே லாரி, பாலம், கிடங்கு, குளிர்பதன அறை என்று அதற்குத் தாராளமாகச் செலவு செய்கிறோம், செய்யவும் வேண்டும். காவேரியின் குறுக்கே திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் 1976ஆம் ஆண்டுப் பாலத்தைச் செப்பனிடுவதற்காக 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரையில் போக்குவரத்துக்கு மூடியபோது, அந்த ஒரு வழியை நம்பி எத்தனை வாழ்க்கைகள் ஓடுகின்றன என்பதை இரு கரையினரும் உணர்ந்தார்கள். ஆனால் பாலம் பழுதானால் எல்லோருக்கும் தெரிகிறது. செய்தியின் ஓட்டமும் பணத்தின் ஓட்டமும் தடைப்பட்டால் அப்படித் தெரிவதில்லை. நம் நாட்டில் விநியோகச் சங்கிலிகள் பெரும்பாலும் அறுபடுவது அந்த இரண்டு இடங்களில்தான்.

வாழைத் தாரின் பிரயாணம்

இதற்குத் திருச்சி மாவட்டத்தின் பிரதானப் பயிராகிய வாழையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. தொட்டியம், முசிறி, லால்குடி, அந்தநல்லூர் ஆகிய காவேரிப் பாசன வட்டாரங்களில் பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலக்கி எனப் பல ரகங்கள் விளைகின்றன. இந்தியாவின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993ஆம் ஆண்டில் திருச்சியிலேயே நிறுவப்பட்டதற்கு இச்செழுமையும் ஒரு காரணம் எனலாம்.

தூரத்து ஊருக்குப் போகவேண்டிய தாரை முக்கால் முற்றலில் வெட்டுகிறார்கள். வெட்டிய காம்பிலிருந்து வடியும் பால் காயின்மேல் பட்டால் கறையாகும். ஆகையால் அது வடியும் வரையில் பொறுத்து, வாழைச் சருகைப் பரப்பி, தாரோடு தார் உராயாதபடி லாரியில் அடுக்க வேண்டும். இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பச்சைக் காயில் பட்ட அடி அப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாலைந்து நாள் கழித்துப் பழம் மஞ்சளாகும்போதுதான் அந்த இடம் கறுத்து, கடைக்காரரின் கையில் அழுகலாக வெளிப்படுகிறது. தாரை வீசி எறிந்தவர் ஓரிடத்தில், நஷ்டப்பட்டவர் வேறிடத்தில், இருவருக்கும் அறிமுகமே இல்லை. தவறு செய்தவருக்கு அத்தவற்றின் பலன் தெரியாதவரையில் அத்தவறு திருந்தப்போவதில்லை. தரம் என்பது சரக்கின் குணமாக மட்டும் இராமல் செய்தியின் குணமாகவும் இருப்பதற்கு இதுவே சாட்சி.

மண்டிக்கு வந்த காயைப் பழுக்கவைப்பது தனிக் கலை. முன்பு மூடிய அறையில் புகை போட்டுப் பழுக்கவைத்தார்கள். பின்னர் சிலர் கையாண்ட கார்பைடு கல் உடம்புக்குத் தீங்கானது என்று சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இப்போது பெரிய வியாபாரிகள் எத்திலீன் வாயுவைச் செலுத்தும் அறைகளை அமைத்திருக்கிறார்கள். பச்சைக் காயை 13 அல்லது 14 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைத்தால் பல நாள் பழுக்காமல் காக்கலாம். அதற்கும் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துக் காய் கெட்டுவிடும். வெப்பத்தைச் சற்றே உயர்த்தி எத்திலீன் செலுத்தினால் சில தினங்களில் ஒரே சீராக மஞ்சள் ஏறும். எந்தத் தார் எந்த நாளில் மஞ்சளாக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இவ்வறைக்கு உரியவரிடம் இருக்கிறது. களஞ்சியம் நெல்லைச் சேமித்தது; இந்த அறை காலத்தைச் சேமிக்கிறது.

இனிச் செய்தியின் ஓட்டத்தைப் பார்ப்போம். கேரளத்தார் ஓணப் பண்டிகைக்கு நேந்திரனை விரும்பி வாங்குகிறார்கள். ஆவணியில் வரும் அந்தப் பண்டிகைக்குக் காய் வேண்டுமானால் கன்றை முந்திய ஆண்டே நட்டிருக்க வேண்டும். ஏனெனில் வாழை கன்று நட்டுத் தார் வெட்டுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாதத்துக்கு அப்பால் என்ன விலை இருக்கும் என்பதை விவசாயி எவ்வாறு அறிவார்? அவருக்குத் தெரிந்தது இன்றைய விலை ஒன்றே. இன்று விலை உயர்ந்திருந்தால் அவரும் அவருடைய அண்டை அயலாரும் ஒருங்கே நேந்திரன் நடுகிறார்கள். அடுத்த ஆண்டு தார் மலையாகக் குவிந்து விலை சரிகிறது. மனம் நொந்து எல்லோரும் குறைத்து நடுகிறார்கள். அதற்கடுத்த ஆண்டு விலை மீண்டும் ஏறுகிறது. சோம்பலோ பேராசையோ இதற்குக் காரணம் அன்று. நடுவதற்கும் வெட்டுவதற்கும் இடையே உள்ள காலம் நீண்டதாயும், அக்காலத்தைத் தாண்டிப் பார்க்கும் செய்தி இல்லாததாயும் இருப்பதுவே காரணம். அந்த ஓராண்டில் ஒருநாள் சூறைக்காற்று வீசிக் குலை தள்ளிய மரங்கள் சாய்ந்தாலும் நஷ்டம் விவசாயிக்கே. மண்டிக்காரரும் லாரிக்காரரும் கடைக்காரரும் அச்சரக்கோடு சில தினங்களே சம்பந்தப்படுகிறார்கள். விவசாயி ஓராண்டு சம்பந்தப்படுகிறார். அபாயத்தை மிகுதியாகத் தாங்குகிறவரிடம் செய்தி மிகக் குறைவாக இருப்பதுதான் இந்தச் சங்கிலியின் அடிப்படைக் குறை.

பெருகிக்கொண்டே போகும் பிழை

செய்தி கைமாறிக் கைமாறிச் செல்லும்போது எப்படித் திரிகிறது என்பதற்கு ஆயுத பூஜையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பேட்டையில் அப்பண்டிகைக்கு நூறு தார் விற்கும் என்று வைத்துக்கொள்வோம். சில்லறைக் கடைக்காரர்கள், குறைந்துபோனால் வாடிக்கை போய்விடுமே என்று அஞ்சி, நூற்றுப்பத்து கேட்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் வியாபாரி இம்முறை கிராக்கி அதிகம் போலும் என்று கருதி நூற்று முப்பதுக்குச் சொல்லுகிறார். மொத்த வியாபாரியோ கேட்டதெல்லாம் வந்துசேராது என்ற பழைய அனுபவத்தால் நூற்றறுபதுக்கு ஆள் அனுப்புகிறார். ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாகவே நடந்துகொண்டார்கள்; ஆனால் பூஜைக்கு மறுநாள் விற்காத தாரும் பூசணிக்காயும் வாழைக் கன்றும் தெருவில் கிடந்து அழுகுகின்றன. சாட்டையின் கைப்பிடியைச் சிறிது அசைத்தால் நுனி வெகுதூரம் வீசுவதுபோல, கடையில் தோன்றிய சிறு ஏற்ற இறக்கம் மேலே செல்லச் செல்லப் பெருகுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியார் குழந்தைகளுக்கான அணையாடை வியாபாரத்தில் இதையே கண்டார்கள்: குழந்தைகள் நாள்தோறும் ஒரே அளவில்தான் உபயோகிக்கின்றன, தொழிற்சாலைக்கு வரும் ஆர்டரோ ஒரு மாதம் பெருகியும் மறுமாதம் சுருங்கியும் காணப்பட்டது.

இதற்குப் பரிகாரம் ஒன்றே. நடுவில் உள்ளவர்களின் ஊகத்தை அல்லாமல், கடையில் உண்மையாக விற்ற கணக்கைச் சங்கிலியில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் காணச் செய்யவேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. 2016 முதல் மத்திய அரசின் மின்னணு தேசிய வேளாண் சந்தையும் இருக்கிறது. கருவிக்குக் குறைவு இல்லை. தமக்குத் தெரிந்த விற்பனைக் கணக்கை அடுத்தவருக்குச் சொன்னால் பேரத்தில் தாழ்ந்துபோவோம் என்ற அச்சம் நீங்குவதே அரிதாக இருக்கிறது.

எவ்வளவு சேமிப்பது?

செய்தி குறைந்த இடத்தை மனிதர்கள் சரக்கைக் குவித்து நிரப்புகிறார்கள். பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி சின்ன வெங்காயத்தை வயலிலே பட்டறை போட்டு, விலை வரும்வரை காத்திருக்கிறார். பெரிய கடைவீதி மளிகைக்காரர் பருப்பை மூட்டை மூட்டையாக அடுக்குகிறார். அதிகமாக வாங்கினால் வண்டிக்கூலி மிச்சம்; ஆனால் முதல் முடங்கும், வட்டி ஏறும், வண்டு விழும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் முதல் முடங்காது. ஆனால் அலைச்சலும் கூலியும் கூடும். இவ்விரு செலவும் சேர்ந்து எந்த அளவில் மிகக் குறைவாகிறதோ அதுவே வாங்கத்தக்க அளவு என்று ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் 1913இல் ஒரு சூத்திரம் கண்டார். இன்றும் அது பாடமாக இருக்கிறது.

எல்லாச் சாமான்களையும் ஒரே கண்ணால் பார்ப்பதும் பிழை. நாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்டு 1928ஆம் ஆண்டில் தொடங்கிய பொன்மலை ரயில்வே பணிமனை, நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களையும் செய்து கொடுத்திருக்கிறது. அத்தகைய பணிமனையில் ஆணியும் திருகும் நாள்தோறும் செலவாகும், எங்கும் கிடைக்கும், தீர்ந்தபோது வாங்கலாம். ஆனால் வேறெங்கும் விற்காத ஒரு பாகம் பல ஆண்டுக்கு ஒருமுறையே தேவைப்படினும், அது இல்லாத நாளில் என்ஜின் நகராது. விலை எவ்வளவு என்பதைக் காட்டிலும், இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று கேட்டே சேமிப்பை நிர்ணயிக்க வேண்டும்.

ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் தாய்ச்சி ஓனோ என்பவர், வேண்டிய பாகம் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவே வரவேண்டும் என்ற முறையை வளர்த்து, கிடங்கில் தூங்கும் சரக்கை ஒரு குற்றமாகவே கருதும்படி செய்தார். அம்முறை உலகம் முழுவதும் பரவிற்று. ஆனால் 2021 மார்ச் மாதத்தில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தபோது, கையிருப்பே இல்லாமல் தொழில் நடத்துவதில் உள்ள அபாயத்தைப் பல தேசத்தாரும் உணர்ந்தார்கள். ஓனோவின் முறை தவறானதன்று. அது அன்றாடம் பொய்க்காத வழியையும் நம்பத்தக்க கூட்டாளியையும் ஆதாரமாகக் கொண்டது. அந்த ஆதாரம் இல்லாத இடத்தில் கொட்டாரம் தேவைப்படுகிறது.

ஒரே வாசலை நம்பிய தொழில்கள்

திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாகிய நாட்டின் உதவியோடு 1960களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை, திருச்சியைத் தொழில் நகரமாக்கிற்று. அனல்மின் நிலையத்துக்கான கொதிகலன் முழு உருவில் தொழிற்சாலையை விட்டுப் புறப்படுவதன்று. குழாய்களாகவும் தூண்களாகவும் தட்டுகளாகவும் பிரிந்து சென்று, தொலைதூரத்துத் தலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுவது. முதலில் வேண்டிய தூண் கடைசியிலும், கடைசியில் வேண்டிய குழாய் முதலிலும் போய்ச் சேர்ந்தால் ஆயிரம் பேர் கைகட்டி நிற்பார்கள். இவ்வேலையில் ஒரு பகுதியைச் செய்து கொடுப்பதற்காகத் துவாக்குடி, அரியமங்கலம், மாத்தூர்ப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் தோன்றின. உருக்கும் வரைபடமும் பெரிய தொழிற்சாலையிலிருந்து வரும். வெட்டிப் பற்றவைத்து அளவு பிசகாமல் திருப்பிக் கொடுப்பது பட்டறையின் வேலை. திருச்சியின் பற்றவைப்புத் தொழிலாளர்களுக்கு நாடெங்கும் நற்பெயர் ஏற்பட்டது இந்தப் பயிற்சியால்தான்.

ஆனால் 2010களில் நாட்டில் புதிய அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபோது அந்தப் பட்டறைகள் பல வேலையின்றி வாடின. மேலே தோன்றிய தளர்ச்சி கீழே பன்மடங்காக வந்து விழுந்தது. பெரிய ஸ்தாபனத்துக்குத் தாங்கும் சக்தி இருந்தது, வங்கிக் கடனில் இயந்திரம் வாங்கிய சிறு முதலாளிக்கு அது இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பித் தொழில் செய்பவர் வளரும் காலத்தில் விரைவாக வளர்கிறார். தாழும் காலத்தில் அவருக்குப் பிடிமானம் இருப்பதில்லை. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் இந்நகரும் ஒன்றாக அமைந்தது நம்பிக்கைக்குரிய செய்தி. எனினும் வாங்குகிறவர் மாறினால் போதாது. வாங்குகிறவர் பலராக வேண்டும். அவ்வாறே பெரிய ஸ்தாபனமும், தனக்குச் சரக்கு தருகிறவர்களின் பலமே தன் பலம் என்று உணர்ந்து, செய்த வேலைக்குப் பணத்தைத் தவணை தப்பாமல் கொடுக்க வேண்டும். சிறு பட்டறை மூடப்படும்போது ஒரு கட்டடம் பூட்டப்படுவதோடு காரியம் முடிவதில்லை. அங்கே பல ஆண்டுகளில் பழகிய கைகள் சிதறிப்போகின்றன. ஆர்டர் மீண்டும் வரும் நாளில் அந்தக் கைகளை விலைக்கு வாங்க முடியாது.

கள்ளிக்குடி கற்பித்தது

இத்தனை தத்துவங்களும் ஒன்றுகூடிக் கண்முன் நிற்கும் இடம் ஒன்று திருச்சிக்கு அருகிலேயே இருக்கிறது. நகரின் நடுவே நெருக்கடியில் திணறும் காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக, மதுரை நெடுஞ்சாலையில் மணிகண்டத்துக்கு அருகே உள்ள கள்ளிக்குடியில், காய், கனி, மலர் வியாபாரத்துக்கென ஏறத்தாழ 77 கோடி ரூபாய் செலவில் பெரிய வணிக வளாகம் கட்டி 2017ஆம் ஆண்டில் திறந்தார்கள். நோக்கம் நல்லது, இடம் விசாலமானது. ஆயினும் கடைகள் சிறியவை, நகரிலிருந்து தூரம் அதிகம் என்று சொல்லி மொத்த வியாபாரிகள் அங்கே போக மறுத்தார்கள். வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. 2020இல் கொள்ளை நோய்க்காக காந்தி மார்க்கெட் மூடப்பட்டபோதும் வியாபாரிகள் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் தற்காலிகமாகக் கடை போட்டார்களே ஒழிய, கள்ளிக்குடியில் வியாபாரம் வேரூன்றவில்லை.

இதை வியாபாரிகளின் பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயம் ஆகாது. காந்தி மார்க்கெட்டில் இருப்பது கட்டடம் மட்டும் அன்று. விடியற்காலையில் முதல் பேருந்தைப் பிடித்து வந்து, கூடையில் காய் வாங்கிக்கொண்டு, ஸ்ரீரங்கத்து வீதிகளில் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். இன்று எடுத்த சரக்குக்கு நாளை பணம் கொடுக்கலாம் என்ற முகப்பழக்கக் கடன் இருக்கிறது. அழைத்த உடன் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; நடந்துபோகும் தூரத்தில் மளிகை மண்டி இருக்கிறது. சரக்கு இறங்குவதற்கு இடம் அமைத்துவிட்டால் சந்தை இடம் மாறிவிடும் என்று எண்ணினோம். பணமும் செய்தியும் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. சரக்கு அவற்றைப் பின்தொடர்ந்தது.

இப்போது பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டு, அதே பகுதியில் மொத்தக் காய்கறிச் சந்தை ஒன்றும் அமையவிருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு அருகில் சந்தை அமைவது கள்ளிக்குடியின் பாடத்தை ஓரளவு கற்றதற்கு அடையாளம். ஆனால் மேலும் சில கேள்விகளுக்குக் கட்டடம் எழும்போதே விடை காண வேண்டும். கூடைக்காரப் பெண் விடியற்காலையில் எந்த வண்டியில் வந்து எந்த வண்டியில் திரும்புவாள்? அவளுக்கு இன்று கிடைக்கும் ஒருநாள் கடன் அங்கேயும் கிடைக்குமா? தொட்டியத்து வாழை விவசாயி தம் தார் எவ்வளவு எடை நின்றது, என்ன விலைக்கு விற்றது, எவ்வளவு கழிவு போயிற்று என்பதை அன்று மாலையே தம் கையில் உள்ள தொலைபேசியில் காண்பாரா? விற்ற பணம் எத்தனை நாளில் அவர் கணக்கில் சேரும்? வாழை விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனமாகத் திரண்டால் மண்டியில் ஒரு கடை அவர்களுக்கும் உண்டா? சிமென்டைவிட இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் சிமென்டு இட்ட பிறகு இவற்றைச் சேர்ப்பது மிகக் கடினம்.

அபாயத்தைத் தாங்குகிறவருக்குச் செய்தி முதலில் போய்ச் சேரவேண்டும். உழைத்தவருக்குப் பணம் தாமதமின்றிப் போய்ச் சேரவேண்டும். அதன்பின் சரக்கு தானே தன் வழியைக் கண்டுகொள்ளும். இந்த வரிசையில் சிந்திக்கும் வணிகரும் அதிகாரியும் திருச்சியில் பெருகுவார்களானால், பஞ்சப்பூர்ச் சந்தை நம் மாவட்டத்து விவசாயிக்கும் வீதியில் விற்பவருக்கும் ஒருங்கே பயன்படும் சந்தையாக அமையும்.